காலேஜ் ஃபுட்பால் சாம்பியனை பிளேஆஃப்தான் முடிவு செய்ய வேண்டுமா?

#1 நீலமஞ்சள்

இந்தியானா 2025 சீசனை 16-0 (16 வெற்றி, தோல்வி இல்லை) என்று முடித்துவிட்டதால் இந்த வருடம் யாருக்கும் மனக்குறை இல்லை. எந்த முறையை வைத்திருந்தாலும் அவர்கள்தான் சாம்பியன். சூடு இல்லாத நேரத்தில் கேட்டுவிடலாம் என்றுதான் இந்த இழை. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலுக்கு இவ்வளவு பெரிய பிளேஆஃப் தேவைதானா?

2023 வரை இருந்த நான்கு அணி என்றால் பொறுத்துக்கொள்வேன். இப்போதைய பன்னிரண்டு அணி தப்பு என்பது என் கட்சி.

2024 நவம்பர் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட், மிஷிகனிடம் 13-10 என்று தோற்றது. அந்த வருட மிஷிகன் ரொம்பச் சுமாரான அணி, அதற்குள் ஐந்து ஆட்டம் தோற்றிருந்தது. ஒஹாயோ ஸ்டேட் மூன்று டச்டவுன் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றுதான் ஊரே பேசிக்கொண்டது. அக்டோபரில் ஓரிகனிடம் 32-31 என்று ஏற்கெனவே ஒரு தோல்வி. ஆக இரண்டு தோல்வி, பிக் டென் என்ற அவர்கள் கான்ஃபரன்ஸின் (அணிகளின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்துக்கும் தகுதி இல்லை, பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் கடைசிப் பட்டியலில் ஆறாவது இடம். நான்கு அணி முறையில்கூட அவர்கள் வருடம் அன்றோடு முடிந்திருக்கும். ஏழு வாரம் கழித்து அதே அணி அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது.

டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று நான்கு நல்ல அணிகளை வரிசையாக வீழ்த்தினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற அந்த மிஷிகன் ஆட்டம் என்ன ஆயிற்று? தோற்றால் எல்லாம் போச்சு என்ற பயம்தான் அதன் உயிர். இப்போது தோற்றால் டிசம்பரில் சொந்த மைதானத்தில் கூடுதலாக ஓர் ஆட்டம் ஆட வேண்டும், அவ்வளவுதான். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் சீசன் என்பது பிளேஆஃபுக்குப் போகிற வழி. இங்கே செப்டம்பர் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாக்அவுட் மாதிரி இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு ஜனவரியில் சில டிவி இரவுகளை வாங்கியிருக்கிறார்கள்.

#2 பக்கைப்பாண்டி

2025: எங்கள் ஒஹாயோ ஸ்டேட் 27, மிஷிகன் 9. ஆன் ஆர்பரில். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

#3 ஆபர்ன் அண்ணாச்சி

நீலமஞ்சள் தம்பி, தோற்ற அணி சாம்பியன் ஆகிவிட்டதே என்று உங்களுக்கு வருத்தம். தோற்காத அணிக்குச் சாம்பியன் ஆட்டத்தில் இடமே கிடைக்காத காலத்தைப் பார்த்தவன் நான்.

2004. ஆபர்னில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். கேடிலாக் வில்லியம்ஸ், ரானி பிரவுன் என்று இரண்டு ரன்னிங் பேக்குகள் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள்). அடுத்த ஏப்ரலில், என்எஃப்எல் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் இருவரும் முதல் ஐந்து இடத்துக்குள் போனார்கள் என்றால் எப்படிப்பட்ட அணி என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்எஸ்யூ, ஜார்ஜியா, அலபாமா, டென்னசி எல்லாரையும் வென்றோம். டென்னசியை இரண்டு தடவை. 12-0, எஸ்இசி கான்ஃபரன்ஸ் சாம்பியன்.

அந்த வருடம் யுஎஸ்சியும் ஓக்லஹாமாவும் தோற்கவில்லை. அப்போதிருந்த பிசிஎஸ் முறையில் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு பேர்தான். யாரை விடுவது? ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே பத்திரிகைக்காரர்கள் போட்ட ஏபி பட்டியலில் யுஎஸ்சி 1, ஓக்லஹாமா 2, ஆபர்ன் 17. டிசம்பரில் பார்த்தால் யுஎஸ்சி 1, ஓக்லஹாமா 2, ஆபர்ன் 3. மேலே உட்கார்ந்தவன் தோற்காதவரை அவனை இறக்க மாட்டார்கள். ஒரு ஆட்டம்கூட நடக்காத மாதத்தில் எழுதிய வரிசை எங்கள் வருடத்தை முடித்துவைத்தது.

இறுதி ஆட்டமான ஆரஞ்ச் பவுலில் ஓக்லஹாமா யுஎஸ்சியிடம் 55-19 என்று உதை வாங்கியது. நாங்கள் சுகர் பவுலில் (பவுல் என்பது சீசன் முடிந்தபின் நடக்கும் தனி ஆட்டம்) விர்ஜினியா டெக்கை 16-13 என்று வென்று 13-0 என்று வீடு திரும்பினோம். பிறகு காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் விசாரணை வந்து, 2011-ல் யுஎஸ்சியின் அந்த பிசிஎஸ் பட்டத்தையே ரத்து செய்தார்கள். காலியான இடத்துக்கும் எங்களைக் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நாக்அவுட் என்கிறீர்களே, நாங்கள் எந்தச் சனிக்கிழமை அவுட் ஆனோம்?

#4 புதுசு புளூமிங்டன்

அண்ணாச்சி, நீலமஞ்சள் சார், நான் இந்தியானாவுக்குப் படிக்க வந்து இரண்டாவது வருடம். இந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்ததே இங்கே வந்த பிறகுதான், நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறேன் போல :)

ஓர் அடிப்படைக் கேள்வி. ஐபிஎல்லில் புள்ளிப்பட்டியல் இருக்கிறது, முதல் நான்கு அணி பிளேஆஃப், யாரும் எதையும் 'தேர்வு' செய்வதில்லை. இங்கே மட்டும் எதற்கு ஒரு குழு உட்கார்ந்து வாக்களிக்கிறது? புள்ளிப்பட்டியலே போடக்கூடாதா?

#5 கணக்குப்புலி

தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. இங்கே சண்டை போடுகிற பாதிப் பேர் இதற்குப் பதில் தெரியாமலேயே போடுகிறார்கள்.

ஐபிஎல்லில் 10 அணி, ஆளுக்கு 14 ஆட்டம். எல்லாரும் எல்லாரையும் சந்தித்துவிடுகிறார்கள், அதனால் பட்டியலுக்கு அர்த்தம் உண்டு. காலேஜ் ஃபுட்பாலின் மேல் பிரிவில் 2025-ல் 136 அணிகள். ஆளுக்கு 12 ஆட்டம். அதிலும் எட்டு ஒன்பது ஆட்டம் சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. உடம்பு தாங்காத விளையாட்டு, வாரம் ஒன்றுக்கு மேல் ஆட முடியாது. ஆக 135 எதிராளிகளில் பெரும்பாலோரை ஓர் அணி கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பாய்சி ஸ்டேட்டின் 11-1-ம் ஜார்ஜியாவின் 10-2-ம் ஒரே தராசில் நிற்காது. புள்ளிப்பட்டியல் போட்டால் எளிய எதிராளிகளாகப் பார்த்து ஆடுகிறவன் மேலே வருவான்.

அதனால் இந்த விளையாட்டில் 'யார் நல்ல அணி' என்று யாராவது ஒருவர் அபிப்பிராயம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. 1936 முதல் ஏபி பத்திரிகையாளர்கள். 1950 முதல் பயிற்சியாளர்கள் வாக்கு. இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாத வருடம் இரண்டு சாம்பியன். 1990-ல் கொலராடோவும் ஜார்ஜியா டெக்கும், 1991-ல் மயாமியும் வாஷிங்டனும், 1997-ல் மிஷிகனும் நெப்ராஸ்காவும்.

1998-ல் பிசிஎஸ் வந்தது. வாக்குகளோடு கம்ப்யூட்டரையும் சேர்த்தார்கள். 2004 முதல் சூத்திரம் இப்படி: மூன்றில் ஒரு பங்கு ஒரு வாக்கெடுப்பு, மூன்றில் ஒரு பங்கு பயிற்சியாளர் வாக்கு, மீதி ஆறு கம்ப்யூட்டர்களின் சராசரி. அந்த ஆறில் ஒவ்வோர் அணிக்கும் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தள்ளிவிட்டு நான்குக்குச் சராசரி. கேட்க விஞ்ஞானம் மாதிரி இருக்கும். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதைப் பார்க்கக்கூடாது என்று 2002 சீசனுக்கு முன்பே கம்ப்யூட்டர்களின் ஒரு கண்ணைக் கட்டிவிட்டார்கள். ஆறில் ஒன்றே ஒன்றின் கணக்கு மட்டும்தான் முழுசாக வெளியில் தெரியும். 2010 டிசம்பரில் அந்த ஒன்றைச் சரிபார்த்த ஒருவர், கீழ்ப் பிரிவு ஆட்டம் ஒன்றின் முடிவு அதில் ஏறவே இல்லை என்று கண்டுபிடித்தார். திருத்தியதும் எல்எஸ்யூவும் பாய்சி ஸ்டேட்டும் 10, 11-ம் இடங்களை மாற்றிக்கொண்டன. மற்ற ஐந்தில் என்ன இருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

#6 பசடீனா பார்வதி

எல்லாரும் ஒரே ஒரு சாம்பியன் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். ஏன் வேண்டும்?

இந்த மேல் பிரிவுக்கு என்சிஏஏ இன்றுவரை சாம்பியன் பட்டம் கொடுத்ததில்லை. கீழ்ப் பிரிவுகளுக்குக் கொடுக்கிறது, இதற்கு இல்லை. நூறு வருடமாக வேறு ஓர் ஏற்பாடு ஓடியது. அதுதான் பவுல். எங்கள் ஊர் ரோஸ் பவுல் 1902-ல் முதல் தடவை நடந்தது, 1916-லிருந்து வருடாவருடம். புத்தாண்டு மதியம், மலைக்குப் பின்னால் வெயில் சாயும்போது மேற்குக் கரை சாம்பியனும் பிக் டென் சாம்பியனும். அதை ஜெயித்தால் அதுவே போதும் என்று இருந்தார்கள். பயிற்சியாளர்கள் வாழ்நாள் கனவாகச் சொன்னது தேசியப் பட்டத்தை இல்லை, பசடீனாவை.

1997-ல் மிஷிகனும் நெப்ராஸ்காவும் ஆளுக்குப் பாதி வாங்கிக்கொண்டதில் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு ஊரிலும் கொண்டாடினார்கள். இன்னும் இருபது வருடத்துக்கு டீக்கடையில் பேச விஷயமும் கிடைத்தது. நீலமஞ்சள், உங்கள் ஊர் மிஷிகன்தானே? அந்தப் பாதிப் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பீர்களா?

இப்போது ரோஸ் பவுல் என்பது பிளேஆஃபின் ஒரு காலிறுதி. இந்த ஜனவரியில் இந்தியானா அங்கே அலபாமாவை 38-3 என்று நொறுக்கியது. அடுத்த நாளே எல்லாரும் அரையிறுதிக்கு விமான டிக்கெட் தேடப் போய்விட்டார்கள். ரோஸ் பவுல் ஜெயித்த அணி கொண்டாடக்கூட நேரமில்லாமல் கிளம்பியதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

#7 நீலமஞ்சள்

பார்வதி அக்கா, கொடுக்க மாட்டேன் :) ஆனால் அந்த வருடம் நெப்ராஸ்காவோடு ஓர் ஆட்டம் ஆடியிருக்கலாமே என்ற ஏக்கம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் உண்டு. ரோஸ் பவுல் ஒப்பந்தம் இருந்ததால்தான் ஆட முடியவில்லை. அதனால்தான் இரண்டு, மிஞ்சிப்போனால் நான்கு அணி என்கிறேன்.

அண்ணாச்சி, 2004 அநியாயம். அதில் வாதமே இல்லை. நான்கு அணி இருந்திருந்தால் ஆபர்ன் உள்ளே வந்திருக்கும், பிரச்சினை தீர்ந்தது. அதற்கு எதற்குப் பன்னிரண்டு?

#8 டாலஹாசி மீனா

நான்கு அணி இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? 2023-ஐ மறந்துவிட்டீர்களா?

என் மகன் அப்போது ஃப்ளோரிடா ஸ்டேட்டில் படித்துக்கொண்டிருந்தான். நவம்பரில் குவாட்டர்பேக் (அணியின் ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் கால் உடைந்து வெளியே போனார். அதற்குப் பிறகும் ஃப்ளோரிடாவை வென்றார்கள், ஏசிசி கான்ஃபரன்ஸ் இறுதியில் லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள், 13-0. ஞாயிறு மதியம் குழு பட்டியலை வாசித்தது: மிஷிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஐந்தாவது ஃப்ளோரிடா ஸ்டேட். பெரிய கான்ஃபரன்ஸில் ஒரு தோல்வியும் இல்லாமல் சாம்பியன் ஆன அணி, நான்கு அணி பிளேஆஃபில் விடுபட்டது அதுதான் முதல் தடவை.

காரணம் என்ன சொன்னார்கள்? அடிபட்ட வீரர் இல்லாமல் இந்த அணி பழைய அணி இல்லையாம். அதாவது 13 ஆட்டத்தில் நடந்ததைவிட, இனி நடக்கப்போவதாக 13 பேர் ஓர் அறையில் உட்கார்ந்து கற்பனை செய்ததுதான் பெரிது. அந்தப் பையன் டிராவிஸ், கால் முன்பே உடைந்திருந்தால் நான் இல்லாமலும் இந்த அணி எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்குமே என்கிற பொருளில் எழுதியிருந்தார். படித்துவிட்டு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

#9 பக்கைப்பாண்டி

மீனாக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஆரஞ்ச் பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3?

#10 டாலஹாசி மீனா

பாதி அணி ஆடவே இல்லை, தம்பி. டிராஃப்டுக்குப் போகிறவர்களும் வேறு காலேஜுக்கு மாறுகிறவர்களும் விலகிவிட்டார்கள். ஆடி ஜெயிக்க ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டு, பிறகு 'பார்த்தீர்களா தோற்றுவிட்டார்கள்' என்பது என்ன நியாயம்?

#11 ஆபர்ன் அண்ணாச்சி

மீனா சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

எத்தனை அணி வைத்தாலும் வெளியே நிற்கிறவன் அழத்தான் செய்வான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு வைத்தால் மூன்றாவது, நான்கு வைத்தால் ஐந்தாவது, பன்னிரண்டு வைத்தால் பதின்மூன்றாவது. உண்மைதான். ஆனால் எல்லா அழுகையும் ஒரே எடை இல்லை.

இரண்டு அணிக் காலத்தில் யார் அழுதது? 2004-ல் 13-0 ஆபர்ன். அதே வருடம் தோற்காத யூட்டா. 2008-ல் மறுபடி தோற்காத யூட்டா. சுகர் பவுலில் அலபாமாவை 31-17 என்று அடித்துவிட்டு, யாருமே தோற்கடிக்காத ஒரே அணியாக இரண்டாவது இடத்தில் நின்றது. 2009-ல் சின்சினாட்டி, டிசியூ, பாய்சி ஸ்டேட் மூன்றும் டிசம்பரில் தோல்வி இல்லாமல் வெளியே. 2000-ல் மயாமி, ஃப்ளோரிடா ஸ்டேட்டை நேரில் 27-24 என்று வென்றிருந்தும், இறுதிக்குப் போனது ஃப்ளோரிடா ஸ்டேட். 2001-ல் நெப்ராஸ்கா கடைசி ஆட்டத்தில் கொலராடோவிடம் 62-36 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, சொந்தக் கான்ஃபரன்ஸ் சாம்பியன்கூட ஆகாமல் இறுதிக்குப் போனது. 2003-ல் ஓக்லஹாமாவும் கான்ஃபரன்ஸ் இறுதியில் 35-7 என்று தோற்றுவிட்டுப் போனது. ஏபி வாக்கில் முதலிடம் பெற்ற யுஎஸ்சி வெளியே. சீசன்தான் எல்லாம் என்று சொல்கிற தம்பி, இதெல்லாம் நீங்கள் புகழ்கிற அந்தக் காலத்தில் நடந்தவை. சீசனின் கடைசி வாரத்தில் உதை வாங்கியவனுக்குத்தான் சீட்டு.

நான்கு அணிக் காலத்தில் அழுதவர்கள் 2017 யூசிஎஃப், 2023 ஃப்ளோரிடா ஸ்டேட் போன்றவர்கள். யூசிஎஃப் 13-0. நாங்களே தேசிய சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டு டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் போனார்கள். சிரித்தவர்கள் உண்டு, நான் சிரிக்கவில்லை. பீச் பவுலில் அவர்கள் 34-27 என்று வென்றது எங்கள் ஆபர்னைத்தான். இறுதிக்குப் போன அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வென்றிருந்த ஆபர்ன்.

பன்னிரண்டு அணிக் காலத்தில் யார் அழுகிறார்கள்? 2025-ல் 10-2 நோட்டர் டேம். இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு அழுகிறார்கள். அவர்கள் வலியைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அது ஆபர்ன் வலி இல்லை.

#12 ஐரிஷ் ஐயனார்

என்னைக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு தோல்வியும் சீசனின் முதல் இரண்டு ஆட்டத்தில். மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. மொத்தம் நான்கு புள்ளி. அதற்குப் பிறகு பத்து ஆட்டம் தொடர்ந்து வெற்றி. சரி, மயாமியும் 10-2, நேரில் எங்களை வென்றவர்கள், அவர்களை எடுத்தது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நவம்பர் முழுக்க ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டிவியில் எங்களை மயாமிக்கு மேலே வைத்துக் காட்டியது எதற்கு? கடைசி வார இறுதியில் நாங்களும் ஆடவில்லை, அவர்களும் ஆடவில்லை. ஆடாத வாரத்தில் இடம் மாறியது. நடுவில் இருந்த பிஒய்யூ தோற்றுக் கீழே போனதால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டோமாம், அப்போதுதான் ஆகஸ்ட் ஆட்டம் நினைவுக்கு வந்ததாம்.

பவுலுக்கு வரமாட்டோம் என்று எங்கள் அணி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி வருட மாணவர்களுக்கு இன்னோர் ஆட்டம் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

#13 கணக்குப்புலி

அந்த வாராந்திரப் பட்டியல் டிவிக்காக. அவ்வளவுதான் அதன் பயன். ஒரே ஒரு தடவை, எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு பட்டியல் வெளியிட்டால் பாதி வயிற்றெரிச்சல் குறையும். 2014-ல், முதல் வருடமே டிசியூவுக்கு இதுதான் நடந்தது. மூன்றாவது இடத்தில் இருந்து, கடைசி ஆட்டத்தில் அயோவா ஸ்டேட்டை 55-3 என்று அடித்துவிட்டு, ஆறாவது இடத்துக்கு இறங்கியது. அவர்கள் இடத்தைத் தாண்டி உள்ளே வந்தது ஒஹாயோ ஸ்டேட். அது அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று வென்று சாம்பியனும் ஆனது. குழு சரியாகத்தான் எடுத்தது என்று பாண்டி சொல்வார். டிசியூவை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மட்டும் எங்கேயும் பதில் கிடையாது.

அண்ணாச்சியின் எடைக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யார் இதைப் பெரிதாக்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒபாமா 2008-ல் தேர்தலில் வென்ற கையோடு டிவி பேட்டியில் எட்டு அணி பிளேஆஃப் வேண்டும் என்றார். 2009-ல், பிளேஆஃப் இல்லாமல் 'தேசிய சாம்பியன்ஷிப்' என்று விளம்பரம் செய்யக்கூடாது என்ற மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரு துணைக்குழு நிறைவேற்றியது. நாடே கேட்டபோது அசையாதவர்கள், 2011 சீசனில் அலபாமாவும் எல்எஸ்யூவும் ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து மறுபடி மோதிய இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஆறே மாதத்தில் நான்கு அணிக்கு ஒப்புக்கொண்டார்கள். மற்ற கான்ஃபரன்ஸ்களுக்குப் பணம் போகாத நாளில்தான் நியாயம் கண்ணில் பட்டது.

இப்போது இஎஸ்பிஎன் டிவி ஒப்பந்தம் 2026 முதல் ஆறு வருடத்துக்கு 780 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் பிக் டென்னுக்கும் எஸ்இசிக்கும். 12 போதாது என்று எஸ்இசி 16 கேட்கிறது, பிக் டென் 24 வரை போகலாம் என்கிறது. இருவரும் ஒத்துப்போகாததால்தான் 2026-லும் 12-லேயே நிற்கிறது. விளையாட்டின் நலன் கருதி நின்றது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

#14 புதுசு புளூமிங்டன்

விளக்கத்துக்கு நன்றி சார். இன்னொரு சந்தேகம். இந்தியானா ஆடியது 16 ஆட்டம். மயாமியும் 16. இவர்கள் மாணவர்கள்தானே? என் வகுப்பில் ஒருவர் பின்வரிசை வீரர், ஆட்டத்தில் இறங்காதவர்தான். அவரே டிசம்பர் தேர்வைப் பயிற்சிக்கு நடுவில்தான் எழுதினார். இவ்வளவு ஆட்டம் வைத்தால் உடம்பு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே?

#15 பசடீனா பார்வதி

நல்ல பிள்ளை. இதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

2006-க்கு முன் பெரும்பாலான வருடம் 11 ஆட்டம், ஒரு பவுல், முடிந்தது. இப்போது 16. 2025 கோடையில் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு காலேஜே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருடம் ஒரு காலேஜுக்கு ஏறக்குறைய 2.05 கோடி டாலர் உச்சவரம்பு. கொடுக்கட்டும், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வரம்பு எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து. கூடுதல் ஆட்டம் ஆடுகிறவர்களுக்குத் தனியாக உயராது.

காலண்டரும் கந்தல். ஓல் மிஸ் அணிக்கு நடந்ததைப் பாருங்கள். 11-1, அந்தக் காலேஜின் மிகச் சிறந்த வருடங்களில் ஒன்று, பிளேஆஃபில் இடம் உறுதி. நவம்பர் 30-ம் தேதி பயிற்சியாளர் லேன் கிஃபின் எல்எஸ்யூவுக்குக் கிளம்பிவிட்டார். அதே கான்ஃபரன்ஸில் இருக்கிற எதிரி! டிசம்பர் தொடக்கத்தில் புதிய மாணவர்களைக் கையெழுத்து வாங்க வேண்டும், ஜனவரியில் வீரர்கள் வேறு காலேஜுக்கு மாறும் காலம், எனவே புதிய காலேஜ் காத்திருக்காது. பாவம் அந்தப் பையன்கள், உதவிப் பயிற்சியாளரைத் தலைமையாக்கி டியூலேனை வென்று, சுகர் பவுலில் ஜார்ஜியாவை 39-34 என்று வென்று, அரையிறுதி வரை போனார்கள். எந்த விளையாட்டில் ஐயா பிளேஆஃபுக்குச் சில வாரம் முன்பு தலைவர் எதிரி வீட்டுக்குக் குடிபோவார்?

#16 நெறியாளர்

ஓல் மிஸ், எல்எஸ்யூ சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள்.

#17 நீலமஞ்சள்

அண்ணாச்சியின் பட்டியலைப் படித்துவிட்டு யோசித்தேன். அதில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஆபர்ன், யூட்டா, யூசிஎஃப், ஃப்ளோரிடா ஸ்டேட் எல்லாருமே கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள். யாரும் நான்காவது இடத்தில் வந்த அணி இல்லை. அப்படியென்றால் நீங்கள் கேட்பது பன்னிரண்டு அணி அல்லவே? 'உன் கான்ஃபரன்ஸை ஜெயித்தால் உனக்கு இடம்' என்பதுதானே? அதற்கு எட்டு போதும். ஐந்தாறு சாம்பியன்கள், இரண்டு மூன்று மற்றவர்கள். மிஷிகனிடம் தோற்று பிக் டென் இறுதிக்கே போகாத அணி வெளியே. என் சீசனும் பிழைக்கும், உங்கள் ஆபர்னும் பிழைக்கும்.

2025-ல் அலபாமாவைப் பாருங்கள். எஸ்இசி இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்று, மூன்று தோல்வியோடு ஒன்பதாவது இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பிஒய்யூவும் இறுதியில் தோற்றது, 34-7. அதை மட்டும் கீழே இறக்கிவிட்டார்கள். பெயர்ப்பலகை பார்த்து இடம் கொடுக்கிற வேலை, பெரும்பாலான இடம் சாம்பியன்களுக்கு என்றால் குறைந்துவிடும்.

#18 ஆபர்ன் அண்ணாச்சி

எட்டு என்றால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். முதல் சுற்று காலேஜ் மைதானத்தில் நடக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. பன்னிரண்டு அணி முறை கொண்டுவந்த ஒரே நல்ல காரியம் அதுதான். டிசம்பர் குளிரில் சவுத் பெண்டிலும் கொலம்பஸிலும் ஆட்டம் நடந்ததைப் பார்த்தவர்கள், அரை காலியான உள்ளரங்கத்தில் நடக்கிற பவுலைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்வதி மன்னிக்கணும்.

#19 கணக்குப்புலி

இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் இழை செத்துவிடும், அதனால் குறுக்கே வருகிறேன்.

சாம்பியன்களுக்கு இடம் என்றால் டியூக்கை என்ன செய்வீர்கள்? 2025-ல் டியூக் 7-5 என்று ஏசிசி இறுதிக்குப் போனது. பல அணிகள் சமநிலையில் இருந்து, விதிப்புத்தகத்தின் அடிமட்டக் கணக்கில் நுழைந்தது. விர்ஜினியாவை ஓவர்டைமில் 27-20 என்று வென்று 8-5 சாம்பியன். இருந்த விதிப்படி, தரவரிசையில் மேலே இருக்கிற ஐந்து சாம்பியன்களுக்குத்தான் இடம். அதனால் டியூக் வெளியே, டியூலேனோடு 12-1 ஜேம்ஸ் மாடிசனும் உள்ளே. 2026 முதல் விதி மாறுகிறது. நான்கு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கும் தரவரிசை என்னவானாலும் இடம் உறுதி, மற்ற கான்ஃபரன்ஸ்களுக்கெல்லாம் சேர்த்து ஒன்றே ஒன்று. புதிய விதி ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் ஐந்து தோல்வி டியூக் உள்ளே, ஒரு தோல்வி ஜேம்ஸ் மாடிசன் வெளியே. களத்தில் தீர்ந்தது என்று கை தட்டுவீர்களா?

#20 ஆபர்ன் அண்ணாச்சி

டியூக் வரட்டும். ஐந்து தோல்வி அணி முதல் சுற்றில் ஓரிகன் மைதானத்துக்குப் போய் அடி வாங்கட்டும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகஸ்டிலேயே எல்லா அணிக்கும் 'இதைச் செய்தால் உனக்கு இடம்' என்று சொல்லியாயிற்று, அவர்கள் செய்தார்கள். விதி பிடிக்கவில்லை என்றால் ஏசிசி தன் சமநிலை விதியை மாற்றிக்கொள்ளட்டும்.

ஜேம்ஸ் மாடிசன் வெளியே போவது தப்பு. பெரியவர்களுக்கு நான்கு உறுதி, மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒன்று என்பதே கொள்ளை. இரண்டு கொடுங்கள்.

#21 ஐரிஷ் ஐயனார்

எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லாத எங்களுக்கு உங்கள் எட்டில் எங்கே இடம்?

#22 நீலமஞ்சள்

கான்ஃபரன்ஸில் சேருங்கள்.

#23 ஐரிஷ் ஐயனார்

அவசியமில்லை. 2026 முதல் முதல் 12-க்குள் இருந்தாலே எங்களுக்கு இடம் உறுதி என்று எழுதி வாங்கிவிட்டோம். கணக்குப்புலி அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

#24 கணக்குப்புலி

சொன்னால் மீனாக்கா கையில் கிடைத்ததை எடுத்து எறிவார் என்றுதான் விட்டேன்.

#25 டாலஹாசி மீனா

எறிந்துவிட்டேன்.